எடுத்துக்கொள்ளாத ஷிப்டு

வண்டியின் மூக்கு வெளிவாசலைப் பார்த்து நின்றது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் யாரும் வண்டியைத் திருப்பி நிறுத்துவதில்லை. நோயாளியை இறக்குகிற அவசரத்தில் குறுக்கே விட்டுவிட்டு ஓடுவார்கள். திரும்பிப் போவதைப் பற்றி அவர்களுக்கு யோசனையே இருக்காது. வந்த காரியம் முடிந்த கணமே கிளம்பப்போகிறவர்கள்தான் இப்படி நிறுத்துவார்கள். சைக்கிளைப் பூட்டிக்கொண்டே அந்த வண்டியைப் பார்த்தேன். ஜன்னல்களுக்கு உட்புறமாகக் கம்பிவலை அடித்திருந்தது.

பாய்லர் ஹவுஸ் வாசலுக்கு எதிரே, மரத்து நிழலில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவன் செல்போனில் மூழ்கியிருந்தான். மூத்தவருக்கு என் வயது இருக்கும். வலது முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, வேண்டாமென்று விட்டுவிட்டார்.

“ரெண்டு மணி ஷிப்டு நீங்கதானே?”

தலையாட்டினேன்.

“உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கோம். போய்ச் சட்டுனு மாத்தி விட்டுருங்க. பாவம், அந்த ஆளும் காலையிலேருந்து நிக்கிறாரு.”

தாமதமாக வந்த பஸ் டிரைவரிடம் பயணி பேசுவதுபோல் பேசினார். அந்தக் குரலில் கெட்டது எதுவும் இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. நான் பதில் சொல்லவில்லை. பொதுவாகவே நான் பதில் சொல்லுகிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். ஒரு வார்த்தை தேவைப்படுகிற இடத்தில் தலையை ஆட்டுவேன், தலையை ஆட்ட வேண்டிய இடத்தில் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். அதை அடக்கம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதி பயம் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

பாய்லர் ஹவுஸுக்குள் நுழைந்ததும் முதலில் காது அடைத்துக்கொள்ளும். சற்று நேரம் போனால் அந்த இரைச்சலே ஒருவித அமைதியாகிவிடும். இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். இருக்கிற இரண்டு பாய்லர்களில் ஒன்றைக் கழுவுவதற்காகத் திறந்து போட்டிருந்தார்கள். அதன் முகப்புக் கதவு கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே குழாய்களின் வாய்கள் வரிசை வரிசையாக இருண்டு தெரிந்தன. மற்றது மட்டும் எரிந்தது. அந்த ஒன்றின் நீராவியில்தான் ஆஸ்பத்திரியே ஓடிக்கொண்டிருந்தது. பிரசவ வார்டுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் கருவிகளை அவிக்க, விரிப்புகளைத் துவைக்க, அத்தனை பேருக்கும் சமைக்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

கப்பல் பாய்லருக்கு முன்னால் நின்று தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவனை எல்லோரும் கப்பல் என்றுதான் கூப்பிடுவோம். தன்னுடைய தேசத்தில் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். அங்கே ஆட்சி மாறி ஆட்களைப் பொறுக்கிப் பிடிக்கத் தொடங்கியபோது மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கினான். அகதி அட்டை கொடுத்தார்கள். எங்களோடு உட்கார்ந்து பாய்லர் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தான். வருஷா வருஷம் அட்டையைப் புதுப்பித்துக் கொடுத்துவந்தவர்கள், இந்த வருஷம் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இவனுக்கு மட்டுமில்லை, அவன் தேசத்துக்காரர்கள் எல்லோருக்கும். ஆனால் அதற்கு முன்பே, பனி பெய்கிற தேசம் ஒன்று அவர்கள் மூவரையும் ஏற்றுக்கொண்டிருந்தது. நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து பயணத் தேதி மட்டும்தான் பாக்கி. இந்த வாரமோ அடுத்த வாரமோ வந்துவிடும் என்றார்கள். அந்தத் தேதி வருகிறவரைக்கும் மூவரும் இங்கே இருக்க வேண்டும். ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டாலும் மூவரின் இடமும் போய்விடும்.

“பாத்தீங்களாண்ணே?” என்றான் என் காதருகே வந்து.

“எப்ப வந்தாங்க?”

“பத்து மணி வாக்குல. எரியற பாய்லர்லேருந்து ஆளைப் பிடுங்கக் கூடாதுன்னு சூப்பிரண்டண்ட் ஐயா சொல்லிட்டாராம். சரி, ஷிப்டு முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறோம்னு ஒத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. தன்மையான ஆளுங்கதான். டீ வாங்கிக் குடுத்து அனுப்பினாங்க.”

“குடிச்சியா?”

“குடிச்சேன். டீ என்ன பாவம் பண்ணிச்சு?”

சிரித்தான். சிரிக்கும்போது அவன் கழுத்து நரம்பு துடித்ததைப் பார்த்தேன். இந்த வாரம் முழுக்க வேலைக்குப் போகாதே, அக்கம்பக்கத்தில்கூடத் தலைகாட்டாதே என்று அவனுடைய வக்கீலம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தார். அவன் மனைவியும் மகளும் இரண்டு நாளாக எங்கள் வீட்டுச் சமையலறைப் பக்கத்து அறையில் இருந்தார்கள். இவனும் அங்கேயே இருந்திருக்க வேண்டியவன். நேற்றிரவு சரி என்று தலையாட்டினான். காலையில் நான் எழுந்தபோது பாய் சுருட்டி வைத்திருந்தது.

“ஏன்டா வந்தே?”

“ஒரு பாய்லர்தானேண்ணே ஓடுது. ராத்திரி ஷிப்டு ரேடியோ அண்ணன். நான் வரலன்னா அவரேதானே மதியம் வரைக்கும் நிக்கணும்? கண்ணு சொருகிட்டா?”

“நான் வந்திருப்பேன்ல.”

“அப்புறம் ராத்திரி வரைக்கும் நீங்களே நிப்பீங்களா? உங்க வயசுக்கு?”

அவன் எங்கேயும் இதே தப்பைத்தான் செய்வான். நாலா பக்கமும் வலை விரித்திருக்கிறது என்று தெரியும்; தன் முறை வந்தால் வந்து நின்றுவிடுவான். இது நல்ல குணமா, அறிவு கெட்டதனமா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அவனிடம் கோபப்பட வாயெடுத்து, எரிகிற பாய்லரைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

சுவர்க் கடிகாரம் இரண்டைத் தொட்டது. கப்பல் கையைத் துடைத்துக்கொண்டான்.

எங்கள் வேலையில் ஷிப்டு மாறுவதற்கு ஒரு முறை உண்டு. போகிறவனும் வருகிறவனும் கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் சேர்ந்து நிற்க வேண்டும். போகிறவன் குழாயைக் காலி செய்து, தண்ணீர் மறுபடி ஏறுவதைக் காட்டுவான், நிலவரம் சொல்லுவான், கையை நீட்டுவான். வருகிறவன் அந்தக் கையைப் பிடித்து, இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி, ‘எடுத்துக்கிட்டேன்’ என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. நான் சேருவதற்கு முன்பு ஒரு தடவை, போகிறவன் தலையசைக்க, வருகிறவன் தலையசைக்க, அவன் பார்ப்பான் என்று இவனும் இவன் பார்ப்பான் என்று அவனும் இருந்து, தண்ணீர் வற்றிக் குழாய்கள் சிவந்து உருகிப்போயினவாம். அன்றிலிருந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. அந்தச் சொல் விழுகிறவரைக்கும் பாய்லர் நிற்கிறவனுடைய பொறுப்பு. அவன் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. என்னைப்போன்ற ஊமையைக்கூட நாளுக்கு ஒரு தடவை வாயைத் திறக்க வைத்த வேலை இது.

கப்பல் குழாயைத் திறந்து தண்ணீரைக் கீழே விட்டான். கண்ணாடி காலியானது. வால்வை மாற்றினான். தண்ணீர் குதித்தேறி, பாதிக்கு மேல் வந்து, நடுங்கி நின்றது.

“தண்ணி சரியா இருக்கு. அழுத்தம் சரி. பம்பு ரெண்டும் நல்லா ஓடுது. பின்பக்க வால்வு லேசா கசியுது, துணி சுத்தி வெச்சிருக்கேன், பாத்து, சுட்டுடும்.” குரலில் ஒரு பிசிறு இல்லை. கையை நீட்டினான்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. என் கைகள் பேன்ட் பாக்கெட்டுக்குள் போயின. யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். பாக்கெட்டில் வீட்டுச் சாவி கையில் தட்டுப்பட்டது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே.”

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன்.

“அண்ணே, விளையாடாதீங்க.”

“விளையாடல.”

“எடுத்துக்கங்கண்ணே.”

“மாட்டேன்.”

அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் நீட்டிய கையை மடக்காமல், அதே கையால் என் தோளைப் பிடித்து உலுக்கினான். “இன்னிக்கு எடுக்கலன்னா? நாளைக்கு? நான் என்ன இங்கயே குடித்தனம் பண்றதா?”

“பண்ணு.”

“உங்களுக்கு வேலை போயிடும்ணே! என்னால யாருக்கும் எதுவும் போக வேணாம். போனது போதும்.” கத்தினான். பிறகு, தான் யாரிடம் கத்துகிறோம் என்று உறைத்ததுபோல், திரும்பிப் பம்பைப் பார்க்கப் போனான். அந்தக் கோபத்திலும் கண்ணாடிக்கு எதிரே தரையில் போட்டிருந்த கோட்டை அவன் தாண்டவில்லை என்பதைக் கவனித்தேன்.

போனது என்று அவன் சொன்னது என்னவென்று எனக்குத் தெரியும். அவனுடைய மூத்த அண்ணன் வேறொரு தேசத்தில் தஞ்சம் கேட்டிருந்தார். விசாரணை முடியவில்லை, அதற்குள் சொந்த தேசத்துக்கே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இவர்களுடைய மாமா கூட்டிவர விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் நடந்து வருவது தெரிந்ததாம். கை காட்டினாராம். யாரோ இருவர் வந்து பேச, பக்கத்திலிருந்த ஒரு கதவு வழியாகப் போனார். அவ்வளவுதான். மாமா இருட்டும் வரை நின்றுவிட்டு வந்தார். அந்தக் கதவு எந்த அறையுடையது என்றுகூட இதுவரை யாரும் சொல்லவில்லை. இதை ஒரே ஒரு தடவை கப்பல் என்னிடம் சொல்லியிருக்கிறான், பாய்லர் இரைச்சலில், பாதி கேட்டும் கேட்காமலும். நான் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

அவன் செல்போன் அடித்தது. பேசிவிட்டு என்னிடம் நீட்டினான். வக்கீலம்மா. கோர்ட் வராந்தாவில் நின்று பேசுகிறார் போலிருந்தது. பின்னால் யாரோ பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். “வண்டியில ஏத்திட்டாங்கன்னா என்னால பிடிக்க முடியாது, நேரா ஏர்போர்ட்தான். இன்னிக்கு ராத்திரியே விமானம் இருக்கு. தடை கேட்டு மனு போட்டிருக்கேன். கோர்ட் கலையறதுக்குள்ள எடுத்துக்கறேன்னு ஜட்ஜ் சொல்லியிருக்காரு. தருவாரா மாட்டாரா, தெரியாது. அதுவரைக்கும் அவர் அங்கேயே இருக்கணும். முடியுமா?”

“இருப்பான்” என்றேன்.

“எப்படி?” என்று கேட்டார். அதற்குள் அவர் பெயரையும் கூவினார்கள் போல. வைத்துவிட்டார்.

இப்போது என் மறுப்புக்கு ஓர் எல்லை வந்துவிட்டது. சாயங்காலம் வரை. எல்லை தெரிந்ததும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். தெரியாதவரை நன்றாகத்தான் இருந்தேன்.

முதலில் இளையவன் வந்து எட்டிப் பார்த்தான். பிறகு மூத்தவர், காலை இழுத்துக்கொண்டு, வாசற்படியில் வந்து நின்றார். “என்ன சார், மாத்தியாச்சா?”

கப்பல் தலைகுனிந்து நின்றான். மூத்த அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும். போய், எஞ்சினீயரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

எஞ்சினீயரம்மா எங்களைவிட இளையவர், எங்களைவிட உரக்கப் பேசுகிறவர். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால் நாள் முழுக்கக் கத்துவார். கப்பலிடம் ஒரு நல்ல வார்த்தை அவர் பேசி நான் கேட்டதில்லை, என்னிடமும்தான். உள்ளே வந்தார். கண்ணாடியைப் பார்த்தார், அழுத்தத்தைப் பார்த்தார், கசிகிற வால்வைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“ஏன் இன்னும் எடுக்கல?”

நான் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“உடம்பு சரியில்லையா?”

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

“குடிச்சிருக்கீங்களா?”

“மேடம், அவரு குடிக்க மாட்டாரு” என்றான் கப்பல்.

“உன்னைக் கேக்கல.” அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. மேலே குழாயில் நீராவி ‘டக்’கென்று தட்டியது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் திரும்பி வாசலுக்குப் போனார். நானும் இரண்டடி தள்ளிப் பின்னால் போனேன்.

“அவர் எடுத்துக்கிட்டேன்னு சொல்லல” என்றார் அதிகாரியிடம்.

“சொல்லச் சொல்லுங்க.”

“கேட்டேன். சொல்லல.”

“அவருதான் உள்ள நிக்கிறாரே, மேடம். வேலை தெரிஞ்ச ஆளுதானே?”

“நிக்கிறாரு. எடுத்துக்கல.”

அதிகாரி மூச்சை இழுத்து விட்டார். “சரி, நீங்க எஞ்சினீயர். உங்ககிட்டயும் சர்ட்டிபிகேட் இருக்கும். நீங்க எடுத்துக்கலாமில்ல?”

“எடுத்துக்கலாம்.”

“அப்ப எடுத்துக்கங்க.”

“மாட்டேன்.”

அந்தச் சொல்லைக் கேட்டு அதிகாரியைவிட நான்தான் அதிகம் திடுக்கிட்டேன். எஞ்சினீயரம்மாவின் காது மடல்கள் சிவந்திருந்தன. “இது என்னோட பாய்லர் ஹவுஸ். காலையில வந்து வாசல்ல நாற்காலி போட்டு உட்காரும்போது என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? சூப்பிரண்டண்ட்கிட்டப் பேசுனீங்க, சரி. என் ஆளு எப்ப வரணும், எப்ப போகணும்னு இப்ப நீங்க எனக்குச் சொல்றீங்க. உள்ள போய் இழுத்துட்டுப் போகணும்னா போங்க. நான் நெருப்பை அணைச்சிடறேன். சாயங்காலம் பிரசவ வார்டுல கருவி இல்லன்னு கேட்டா, யார் அணைக்க வெச்சாங்கன்னு உங்க பேரைச் சொல்றேன். உங்க பேர் என்ன?”

அதிகாரி பெயரைச் சொல்லவில்லை. சற்றுத் தள்ளிப்போய், யாருக்கோ போன் போட்டு, ‘ஆமா சார், இல்ல சார், பாய்லர் சார், பா-ய்-லர்’ என்று விளக்க ஆரம்பித்தார்.

எஞ்சினீயரம்மா என்னிடம் திரும்பினார். “உங்களுக்கு நாளைக்கு மெமோ. பதில் எழுதத் தெரியும்ல?” என்றார். “இன்னிக்கு இங்கேயே நில்லுங்க.” போகிற போக்கில் கசிகிற வால்வைக் காட்டி, “அதைச் சரி பண்ண ஒருத்தருக்கும் துப்பில்ல” என்று கப்பலைத் திட்டிவிட்டுப் போனார். கப்பல் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஓர் இளக்கம் தெரிந்தது. திட்டு வழக்கம்போல்தானே இருந்தது.

மேலிடத்தில் என்ன சொன்னார்களோ, அதிகாரி நாற்காலியை வாசற்படிக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். அங்கிருந்து என்னோடு பேசத் தொடங்கினார். அதட்டவில்லை. அரசாங்க வேலையைத் தடுப்பது குற்றம் என்றார். இத்தனை வருஷ சர்வீஸ், பென்ஷன், பிள்ளைகள் என்றார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். யார் பேசினாலும் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பழக்கம். கல்யாணத்துக்கு முன்பு என் அப்பா, பிறகு மேலதிகாரிகள், யூனியன்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர் என்று எத்தனையோ பேர் என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவரையும் நான் தடுத்ததில்லை. இன்றைக்கு இந்த மனிதரால் மட்டும் அதை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. அதே வாய்தான், அதே பூட்டுதான்.

“நான் கெட்டவன் இல்ல சார்” என்றார் அவர், கடைசியில் களைத்துப்போய். “இத்தனை பேரை அனுப்பியிருக்கேன், ஒருத்தர் மேலயும் கை நீட்டினதில்ல. வண்டியில ஏறும்போது மேல இடிச்சிடும்னு தலைக்கு என் கையை வெச்சு மறைப்பேன். நான் இல்லன்னா நாளைக்கு வேற ஒருத்தன் வருவான், அவன் எப்படி இருப்பானோ. ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டா உங்க பொறுப்பு முடிஞ்சது.”

அவர் உள்ளங்கையைத் தலைக்கு மேல் வைத்துக் காட்டியபோது என்னால் அங்கே பார்க்க முடியவில்லை. அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். அதுதான் தாங்கவில்லை.

“இவன் அண்ணனை ஏத்தும்போதும் யாராவது தலைக்குக் கை வெச்சிருப்பாங்க” என்றேன்.

அவர் கையைக் கீழே இறக்கினார். உள்ளே பர்னர் அணைந்து, மறுபடி பற்றிக்கொண்டது.

என் மனைவி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தூரத்தில் வரும்போதே அவள் நடை காட்டிக்கொடுத்துவிட்டது: விஷயம் வீடுவரை போயிருக்கிறது. இரண்டு கையிலும் அடுக்குப் பாத்திரம். இளையவன் எழுந்து வழியை மறித்தான்.

“என்னம்மா அது?”

“சோறு.”

“யாருக்கு?”

“உள்ள நிக்கிறவங்களுக்கு. ஏன், உங்களுக்கும் பசிக்குதா? உட்காருங்க தம்பி, நிறையவே இருக்கு. வெறும் வயித்தோட ஆளைப் பிடிச்சா பாவம் சேராதா?”

இளையவன் மூத்தவரைப் பார்த்தான். அவர் விடு என்று கையைக் காட்டினார். “அம்மா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. மதியத்துலேருந்து இவரு வாயிலேருந்து அந்த ஒரு வார்த்தை வருமான்னு காத்துக்கிட்டிருக்கோம்.”

அவள் நின்றாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “மதியத்துலேருந்தா? நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து காத்துக்கிட்டிருக்கேன் ஐயா. இவருகிட்ட வார்த்தை வாங்கலாம்னு நாற்காலி போட்டு உட்கார்ந்தீங்களே, உங்களை என்ன சொல்றது!”

கப்பல் உள்ளேயிருந்து சிரித்துவிட்டான். இளையவனும். அதிகாரியின் உதடு கோணியது. சிரிப்பாகவும் இருக்கலாம், முழங்கால் வலியாகவும் இருக்கலாம்.

உள்ளே வந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. கப்பலிடம், “தங்கச்சி அழல. நான் அழ விடல” என்றாள். “பாப்பா மூட்டை கட்டிக்கிட்டிருக்கா. அந்த ஊர்ல குளிரும்னு என் கம்பளியையும் எடுத்து வெச்சுக்கிட்டா, திருட்டுக் கழுதை. கேட்டா, அத்தை, அப்பாவுக்குன்னு சொல்றா.” கப்பல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நின்றுகொண்டே சாப்பிட்டான், கண் மட்டும் கண்ணாடிக் குழாயை விட்டு நகரவில்லை. அவனைப் பார்க்காமலிருக்க என் மனைவி என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். “வேலை போனா போகட்டும்” என்றாள் என் காதில். “வீட்ல உட்கார்ந்து என்கூடப் பேசிக்கிட்டிருங்க.” எனக்கு அது பென்ஷன் போவதைவிடப் பெரிய மிரட்டலாகப் பட்டது. அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினேன். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, அதிகாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வந்த வேகத்திலேயே போய்விட்டாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் தனியாக இருந்தார்கள்.

ரேடியோ அவனுடைய நேரத்துக்கு வெகுமுன்பே வந்துவிட்டான். அவன் வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். சலவைக்கூடத்தில், சமையலறையில், பிண அறையில் எல்லா இடத்திலும் விஷயம் பரவிவிட்டது என்றான். சலவைக்காரப் பெண்கள் உனக்குச் சிலை வைக்கப்போகிறார்களாம், வாயை மூடிக்கொண்டிருக்கிற மாதிரி வைத்தால் போதும், செலவு குறைச்சல் என்றான். கப்பல் அவனிடம் கையை நீட்டினான்.

“ரேடியோ அண்ணே, நீங்களாவது எடுத்துக்கங்க. இவரு பிடிவாதம் பிடிக்கிறாரு. எனக்காக எல்லாரும் மாட்டிக்கிறீங்க.”

ரேடியோ அந்தக் கையைப் பார்த்தான். பிறகு, தன் வாயை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த எண்ணெய்ப் பீப்பாய் மேல் ஏறி உட்கார்ந்தான். அப்படி அவன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று எனக்குச் சந்தேகம். ஆனால் தாங்கினான். ஒருவருமே எடுத்துக்கொள்ளாத அந்தக் கையைக் கப்பல் மெல்லக் கீழே இறக்கினான். இறக்கி, ஏதோ வேலை இருப்பதுபோல் பம்புப் பக்கம் திரும்பி, அங்கே குனிந்து நெடுநேரம் நின்றான். அவன் முதுகு குலுங்குவதை நாங்கள் இருவரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

கோர்ட் கலைகிற நேரம் தாண்டிவிட்டது. வக்கீலம்மா போனை எடுக்கவில்லை. ரேடியோ இரண்டு தடவை கூப்பிட்டான், நான் ஒரு தடவை. மரத்து நிழல் நீண்டு பாய்லர் ஹவுஸ் சுவரில் ஏறியது. எஞ்சினீயரம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று கைப்பையோடு வந்தவர், போகாமல் வாசலில் நின்று அதே வால்வைப் பற்றி ரேடியோவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கப்பல் முகம் கழுவ மூலைக் குழாயடிக்குப் போனான். காலையிலிருந்து அவன் பாய்லரை விட்டு அவ்வளவு தூரம் போனது அப்போதுதான். “ஒரு நிமிஷம், கண்ணாடியைப் பாத்துக்கங்கண்ணே” என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

வெளியே அதிகாரியின் போன் அடித்தது.

அவர் எழுந்துகொண்டார். இந்தத் தடவை முழங்காலைப் பிடித்துக்கொள்ளவில்லை. போனைக் காதில் வைத்தபடி எங்கள் பக்கம் நடந்து வந்தார். உதடுகள் அசைந்தன; எங்களுக்குப் பின்னால் பர்னர் பற்றிக்கொண்டதில் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் இளையவன் வண்டியின் கதவைத் திறந்தான். ஏறுவதற்கா, ஏற்றுவதற்கா, தெரியவில்லை. எஞ்சினீயரம்மா கைப்பையைத் தரையில் வைத்தார். நான் வாசலுக்குப் போய் நின்றேன். ரேடியோ பீப்பாயிலிருந்து இறங்கி வந்து என் இடது பக்கம் நின்றான். எஞ்சினீயரம்மா வலது பக்கம். அந்த வாசல் இரண்டு பேருக்கே இறுக்கம். மூன்று பேர் நின்றதில் தோளோடு தோள் நெருக்கி, வெளிச்சம் உள்ளே வர இடமில்லாமல் போயிற்று.

திரும்பிப் பார்த்தேன். குழாயடியில் கப்பல் குனிந்து நின்றிருந்தான். முகமெல்லாம் சோப்பு நுரை, கண்கள் இறுக மூடியிருந்தன. ஒரு கையால் காற்றில் துழாவிக் குழாயைத் தேடிக்கொண்டே, “யாருண்ணே வர்றது?” என்று கேட்டான்.